பாய் விரிக்கும் நேரம்

மாசி பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் இரவுகள் நீண்டுவிடும். திருவப்பூர் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல், பங்குனியில் நார்த்தாமலைத் திருவிழா, இடையில் ஊருக்கு ஊர் காப்புக்கட்டு. முடிவில் பெரும்பாலும் வள்ளி திருமணம் நாடகம் இருக்கும். பத்து மணிக்கு மேல்தான் பபூன் மேடைக்கு வருவார். விடியும் நேரத்தில்தான் வள்ளிக்குக் கல்யாணம். ஆர்மோனியம், டோலக், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, பபூனின் பாட்டுக்கு எழும் விசில். இத்தனைக்கும் நடுவில், மேடைக்கு நேர் முன்னால் விரித்த பாய்களில் குழந்தைகள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருக்கும். தூக்கித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தாலும் தெரியாது. காலையில் எழுந்து, "நான் எப்ப வீட்டுக்கு வந்தேன்?" என்று கேட்கும்.

இந்தத் தூக்கத்தை ஆய்வகத்திலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது காதுக்குள்ளேயே ஒலி எழுப்பி, அதைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 120 டெசிபல் அளவுக்குப் போயும் பலர் விழிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் டோரதி புரூக் என்ற ஆய்வாளர் புகை அலாரத்தை ஒலிக்கவிட்டுப் பார்த்தபோது, பெரியவர்கள் எழுந்துகொண்டார்கள், குழந்தைகளில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் குழந்தையின் மூளையில் ஓடும் மெதுவான அலைகள் பெரியவர்களுடையதைவிட மிக உயரமானவை. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பதும் அந்த நேரத்தில்தான். உடம்பு வளர்ப்பதில் மும்முரமாக இருக்கிறது, வெளிக்கதவு சாத்தியிருக்கிறது. தீ, வெள்ளம் என்று ஏதாவது வந்தால் குழந்தை தானாக எழுந்து ஓடிவரும் என்று நம்பவே கூடாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

நாடக மேடைக்கு முன்னால் அப்படித் தூங்கும் அதே குழந்தை, மறுநாள் சொந்த வீட்டில், விசிறி சுற்றும் அறையில், எட்டரை மணிக்கு "தூக்கமே வரலப்பா" என்று பாயின் மேல் குட்டிக்கரணம் போடும். தூங்குவது குழந்தைக்கு எளிது. தூக்கத்துக்குள் இறங்குவதுதான் கடினம். அந்த இறக்கத்துக்கு இன்னொரு ஆளின் உடம்பும் குரலும் தேவைப்படுகின்றன. தூங்க வைக்கும் அரை மணி நேரத்தை நம்மில் பலர் நாளின் கடைசிச் சில்லறை வேலையாக நினைக்கிறோம். அந்த அரை மணியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டோம்.

தூக்கம் வருவதற்கு உடம்பில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது தூக்க அழுத்தம். நம் மாவட்டத்துக் கண்மாய்களை நினைத்துக்கொள்ளலாம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளைக்குள் நீர்மட்டம் ஏறுகிறது, தூங்கும்போது வடிகிறது. சின்னக் குழந்தையின் கண்மாய் சின்னது. காலை ஆறு மணிக்கு எழுந்தால் பத்து மணிக்கே கலுங்கு தாண்டிவிடும், உடனே ஒரு தூக்கம். இரண்டு வயதில் மதியம் ஒரு தூக்கம் போதும். நாலு, ஐந்து வயதில் கண்மாய் பெரிதாகி, பகல் முழுவதும் தாங்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. அங்கன்வாடியில் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையாகப் படுத்துத் தூங்கிய பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் மதியம் தூங்காமல் சமாளிப்பது இதனால்தான்.

இரண்டாவது ஏற்பாடு உடம்பின் கடிகாரம். இருட்டத் தொடங்கியதும் மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கத் தொடங்குகிறது. இனி இரவு என்று உடம்பு முழுவதற்கும் அது அறிவிப்புக் கொடுக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் மோனிக் லெபூர்ஷ்வா என்ற ஆய்வாளர் இரண்டரை முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளின் எச்சிலைச் சோதித்துப் பார்த்தார். அவர்களுக்கு மெலடோனின் ஏறத் தொடங்கிய நேரம் சராசரியாக இரவு ஏழரை மணி. ஆனால் குழந்தைக்குக் குழந்தை இது முன்பின்னாக இருந்தது. மெலடோனின் ஏறுவதற்கு முன்னாலோ, ஏறிய கையோடோ படுக்கவைக்கப்பட்ட குழந்தைகள் தூங்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், முரண்டும் பிடித்தார்கள். அந்த அறிவிப்பு வருவதற்குச் சற்று முந்தைய நேரத்தில் உடல் மற்ற எந்த நேரத்தையும்விட அதிகமாகத் தூக்கத்தை எதிர்க்கிறது. பெரியவர்களுக்கும் இது உண்டு. நாம் அடக்கிக்கொள்கிறோம், மூன்று வயதுப் பிள்ளையால் முடியாது. ஆகவே சாப்பிட்டு முடித்ததும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையில் காரணமில்லாமல் ஓடிக் கத்துகிற பிள்ளையை அதட்டுவதில் பயனில்லை. அதற்கு இன்னும் இரவு ஆகவில்லை. அரை மணி கழித்துப் பாய் விரித்தால் தானே வந்து விழும்.

இந்த இறக்கத்துக்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த மிகப் பழைய கருவி தூளி. ஒரு பழைய நூல் சேலை, உத்தரத்தில் ஒரு கயிறு, அவ்வளவுதான். நடவுக்குப் போகும் பெண்கள் வரப்போரத்து வேப்பங்கிளையிலும், முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகிறவர்கள் முந்திரி மரத்திலேயும் கட்டிவிடுவார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்பதைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் ஆய்வகங்கள் விளக்கத் தொடங்கின. 2011-ல் ஜெனீவாவில் 12 ஆண்களை மதிய நேரத்தில், மெதுவாக ஆடும் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நான்கு விநாடிக்கு ஓர் ஆட்டம். ஆடாத கட்டிலைவிட இதில் சீக்கிரம் தூங்கினார்கள், தூக்கமும் ஆழமாக இருந்தது. 2019-ல் 18 பேரை இரவு முழுவதும் ஆட்டிப் பார்த்ததில், ஆழ்ந்த தூக்கம் கூடியதோடு, முதல்நாள் படித்த சொற்களும் மறுநாள் கூடுதலாக நினைவில் நின்றன. அதே ஆண்டில் எலிகளை வைத்து நடந்த ஆய்வு இதன் காரணத்தைத் தொட்டது. நம் காதுக்குள் சமநிலையை உணரும் உறுப்பில் கால்சியம் கார்பனேட்டாலான மிக நுண்ணிய மணிகள் இருக்கின்றன. உடம்பு அசையும்போது அவை அசைந்து மூளைக்குச் சொல்கின்றன. பிறவியிலேயே அந்த மணிகள் இல்லாத எலிகளை எவ்வளவு ஆட்டினாலும் தூக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆட்டம் காது வழியாகத்தான் தூக்கத்துக்குள் போகிறது.

தூளிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அது ஓர் ஊசல். ஊசல் ஒரு முறை போய்வரும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது, தள்ளுகிற கையின் பலத்தைப் பொறுத்ததல்ல. உத்தரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தொங்கும் தூளி ஏறக்குறைய இரண்டரை விநாடிக்கு ஒரு முறை போய்வரும். ஜெனீவாக் கட்டிலின் நான்கு விநாடி வேண்டுமென்றால் நான்கு மீட்டர் நீளம் தேவை. உயர்ந்த மரக்கிளையில் கட்டியது நிதானமாகவும், தாழ்ந்த கூரையில் கட்டியது சற்று விரைவாகவும் ஆடும். தள்ளுகிறவர் அப்பாயியானாலும், ஆறு வயது அக்காளானாலும், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அம்மாவானாலும் குழந்தைக்குக் கிடைக்கும் தாளம் ஒன்றுதான். மாறாத தாளமே மூளைக்கு வேண்டியது.

தூளியைப் புகழும்போது சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். பச்சிளங்குழந்தை சேலைக்குள் சுருண்டு, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப்பாதை நெரியும். தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைப்பதே நல்லது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் தனியாகத் தூளியில் சுற்றி விளையாடும்போது சேலை கழுத்தை இறுக்கிய துயரச் செய்திகள் நம் பக்கத்தில் அவ்வப்போது வருகின்றன. குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்து மேலே முடிந்துவைப்பது எத்தனையோ வீடுகளில் உள்ள பழக்கம். அதை விட்டுவிட வேண்டாம்.

தூளியிலிருந்தோ தோளிலிருந்தோ எடுத்துக் கீழே கிடத்தும் அந்த நொடியில்தான் பாதிக் குழந்தைகள் கண்ணைத் திறந்துவிடும். கைக்குழந்தை வைத்திருந்த எவருக்கும் இந்தத் தோல்வி தெரியும். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 21 கைக்குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து 2022-ல் இதற்கு விடை சொன்னது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் நடந்தால் அழுகை அடங்குகிறது. ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குள் தூங்கியும் விடுகிறார்கள். அவர்களை உடனே கிடத்தக் கூடாது. மடியில் வைத்தபடி இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடத்தினால் விழிப்பது குறைகிறது. குழந்தையை உசுப்புவது முதுகில் படுகிற பாயல்ல என்பதையும் இதயத்துடிப்பு காட்டியது. அதன் வயிறு பெற்றவரின் நெஞ்சைவிட்டு விலகத் தொடங்கும்போதே துடிப்பு கூடிவிடுகிறது. பிரிவுதான் அதை எழுப்புகிறது.

தாலாட்டுக்கு வருவோம். தாய்மாமன் கொண்டுவரும் சீர், அடித்தது யார் என்ற விசாரணை, வீட்டுக்கு வரப்போகும் செல்வம் என்று நம் பக்கத்துத் தாலாட்டுகள் நீளும். பல வீடுகளில் அந்த ராகத்துக்குள் அம்மா தன் சொந்தத் துக்கத்தையும் இறக்கிவைத்துவிடுவாள். கேட்கும் குழந்தைக்கு ஒரு சொல்லும் புரியாது. புரியத் தேவையும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வுக்குழு 144 கைக்குழந்தைகளுக்கு, அவர்கள் கேட்டே இராத மொழிகளின் பாட்டுகளைப் போட்டுக்காட்டியது. சில தாலாட்டுகள், சில வேறு வகைப் பாட்டுகள். தாலாட்டு ஒலித்தபோது இதயத்துடிப்பு இறங்கியது, கண்ணின் பாப்பா சுருங்கியது. எந்த நாட்டுத் தாலாட்டானாலும் சரி. மெதுவாக, ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல், திரும்பத் திரும்ப வரும் அந்த அமைப்பைக் குழந்தையின் உடம்பு மொழி கற்பதற்கு முன்பே அறிந்திருக்கிறது. ஆகவே "எனக்குப் பாட வராது" என்று ஒதுங்கும் அப்பாக்களுக்கு ஒன்று சொல்வேன். சுருதி தப்பினாலும் பரவாயில்லை, மெதுவாகப் பாடினால் போதும்.

பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் பாட்டின் இடத்துக்குக் கதை வந்துவிடும். 1991-ல் இந்த மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொண்ட பெண்கள் பலர் இன்று அப்பாயிகள், அம்மாச்சிகள். ஒரு கையால் பேரப்பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறுகையால் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துக் கதைப்புத்தகம் வாசிக்கும் அவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும். எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு ஒரு நரிக் கதை இருக்கிறது. வேறு கதை எடுத்தால், "அது வேணாம்ப்பா, நரி கெணத்துல விழுந்துச்சே, அதைச் சொல்லுங்க" என்பான். நரி விழும் இடத்தில் ஒரு சொல் மாறினாலும் திருத்துவான். இது பிடிவாதமாகத் தோன்றும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சோஃபி வில்லியம்ஸ், ஜெசிகா ஹோர்ஸ்ட் இருவரும் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச்சொற்கள் வரும் கதைகளைச் சொன்னார்கள். சிலருக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப, சிலருக்கு அதே சொற்கள் வரும் வெவ்வேறு கதைகள். பிறகு சிலர் தூங்கினார்கள், சிலர் விழித்திருந்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: ஒரே கதையைக் கேட்டுவிட்டுத் தூங்கிய பிள்ளைகளே சொற்களை நன்றாகப் பிடித்துவைத்திருந்தார்கள். கதை ஏற்கெனவே தெரிந்திருந்தால் அடுத்தது என்ன என்ற தேடல் இல்லை. கவனம் முழுவதும் சொல்லின் மேல் போகிறது. பின்னால் வரும் தூக்கம் அதை நினைவில் ஊன்றிவிடுகிறது. சின்னவன் கேட்பது அவன் மூளைக்கு ஏற்றதைத்தான்.

தூங்கிய பிறகும் உடனே எழுந்து போய்விட வேண்டாம். கைக்குழந்தை என்றால் தூங்கிய சிறிது நேரத்தில் உதடு கோணும், சிரிக்கும், திடீரென விம்மும். நம் பக்கத்தில் "நரி விரட்டுது" என்பார்கள். இமைகளுக்குக் கீழே கண்மணி ஓடுவதும் தெரியும். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, இப்படிக் கண்கள் ஓடும் தூக்கம். மனித குலம் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தும், அறிவியல் இதைப் பதிவு செய்தது ஒரு தகப்பனின் மூலமாகத்தான். 1951 டிசம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகன் ஆர்மண்டின் தலையில் மின்கம்பிகளை ஒட்டி, ஒரு பழைய கருவியோடு இணைத்து, தூங்கச் சொல்லிவிட்டு அடுத்த அறையில் காத்திருந்தார். இரவில் பேனா முனைகள் தாறுமாறாக ஓடின. பையன் விழித்துவிட்டான் போலிருக்கிறது என்று போய்ப் பார்த்தால், அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான், கண்கள் மட்டும் மூடியபடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. முதலில் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தார். 1953-ல் அவரும் அவருடைய ஆசிரியர் நத்தானியல் கிளைட்மனும் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் கனவுத் தூக்கத்தின் ஆராய்ச்சி தொடங்குகிறது.

இனி யார் பக்கத்தில் படுப்பது என்பதைப் பார்ப்போம். புதுக்கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே ஏழடிப்பட்டம் குகையில், பாறையையே வழவழப்பாகச் செதுக்கிய சமணப் படுக்கைகளைப் பார்க்கலாம். தலைப்பக்கம் தலையணைபோல் மேடாக விட்டிருக்கிறார்கள். தமிழ் பிராமிக் கல்வெட்டோடு இருக்கும் அந்தப் படுக்கைகளுக்கு வயது இரண்டாயிரத்தை ஒட்டும். ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்கு மட்டும். இந்த மண்ணில் தனிப்படுக்கை துறவிகளுக்கு உரியதாக இருந்தது. குடும்பத்தில் இருந்தவர்கள் சேர்ந்துதான் படுத்தார்கள், இன்றும் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். 2010-ல் ஆய்வாளர் ஜோடி மிண்டல் குழுவினர் இந்தியா உட்பட 17 நாடுகளிலும் பகுதிகளிலுமாக 29,287 சின்னக் குழந்தைகளின் தூக்கத்தை ஒப்பிட்டார்கள். ஆசிய நாடுகளில் குழந்தைகள் பெற்றோருடன் ஒரே அறையில் படுப்பது மிக அதிகம். படுக்கும் நேரமும் பிந்தியது. நியூசிலாந்தில் சராசரியாக இரவு 7:27, ஹாங்காங்கில் 10:17. சேர்ந்து படுப்பதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குழந்தை மருத்துவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்: மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், அதே அறையில் தனக்கென்று கெட்டியான, சமமான படுக்கை வேண்டும், பக்கத்தில் தலையணை, கனத்த போர்வை கூடாது. புகைபிடிக்கிறவரோ, குடித்திருப்பவரோ, மயக்கம் தரும் மருந்து சாப்பிட்டவரோ பக்கத்தில் படுக்கவே கூடாது.

சேர்ந்து படுப்பது பெற்றவரின் உடம்பையும் மாற்றுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் லீ கெட்லர் குழுவினர் 362 இளம் தகப்பன்மாரின் எச்சிலைச் சோதித்தார்கள். பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்தவர்களுக்கு மாலை நேர டெஸ்டோஸ்டெரோன் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. போட்டிக்கும் மோதலுக்கும் தயார்ப்படுத்தும் அந்த ஹார்மோன் தணிவது பிள்ளையைப் பேணுவதற்கு இசைவானது. குழந்தை வளர்ப்பது தாயின் உடம்புக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்ற பழைய எண்ணத்துக்கு இந்த எச்சில் துளிகள் பதில் சொல்கின்றன.

ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் பாயில் அப்பாவின் இடம் காலி. அறந்தாங்கி, கீரமங்கலம், ஆலங்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் குவைத்திலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலைபார்க்கும் ஆண்களைப் பெற்ற தெருக்கள்தான். அவர்களுடைய பிள்ளைகளின் தூக்கத்தை உலகக் கடிகாரம் நிர்ணயிக்கிறது. குவைத், கத்தார், சவூதி எல்லாம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால். குவைத்தில் வேலை முடித்து, குளித்து, ஏழரை மணிக்கு அழைத்தால் இங்கே இரவு பத்து. அதுவரை பிள்ளை விழித்திருக்கும். அம்மாவும் தூங்கவைக்க மாட்டார், அப்பாவைப் பார்க்காமல் எப்படி? சிங்கப்பூரில் இருப்பவருக்கு நேர்மாறு: அவர் ஒன்பது மணிக்கு அழைத்தால் இங்கே மாலை ஆறரை, பிள்ளை விளையாட்டில் இருக்கும்.

நேரம் பிந்துவது பாதிச் சிக்கல். மீதிப் பாதி, முகத்துக்கு நேரே பிடித்த திரையின் வெளிச்சம். கொலராடோவின் அதே ஆய்வுக்குழு 2018-ல் 10 சிறுபிள்ளைகளைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பளிச்சென்ற விளக்கில் விளையாடவிட்டது. மெலடோனின் 88 விழுக்காடு வரை அமுங்கிப்போனது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆகியும் பெரும்பாலோருக்கு அது பாதிக்குக்கூடத் திரும்பவில்லை. மங்கிய வெளிச்சமாவது பரவாயில்லையா என்று 2022-ல் 36 பிள்ளைகளிடம் பார்த்தார்கள். 5 முதல் 40 லக்ஸ் வரை, அதாவது ஒரு சாதாரண அறை விளக்கைவிடக் குறைந்த வெளிச்சமே சராசரியாக 78 விழுக்காட்டை அமுக்கியது. சிறுபிள்ளையின் கண்பாப்பா பெரியது, கண்வில்லை தெளிவானது, ஆகவே வெளிச்சம் தங்குதடையின்றி உள்ளே போகிறது. நமக்கு ஒன்றும் செய்யாத விளக்கு அதற்குப் பகல்.

இருட்டு எப்படியிருக்கும் என்பதை எங்கள் பகுதி ஒருமுறை நீண்ட நாள் பார்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் என்று தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டே போனது. மின்கம்பங்களும் விழுந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பெரியவர்களுக்கு அது தாங்க முடியாத காலம். இருபது வருடம் வளர்த்த மரங்கள் வேரோடு கிடக்கும்போது யாருக்குத் தூக்கம் வரும்? பிள்ளைகள் மட்டும் ஏழு மணியானால் கொட்டாவி விட்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவளுக்கு அப்போது மூன்று வயது. சிம்னி விளக்கின் சின்ன வெளிச்சத்தில் கதை பாதியைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போவாள். 2013-ல் கென்னத் ரைட் என்பவர் எட்டுப் பேரைக் கொலராடோ மலைகளில் ஒரு வாரம் மின்விளக்கு, கைவிளக்கு எதுவும் இல்லாமல் தங்கவைத்தபோது, அவர்களுடைய உடல் கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்த நவம்பர்தான் நினைவுக்கு வந்தது. அந்தத் துயரம் இன்னொரு முறை வரவே வேண்டாம். ஆனால் அந்த இருட்டில் ஒரு துண்டை மட்டும் நம் வீடுகளுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம்.

வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்கு அந்த இருட்டு எப்படி உதவும்? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 7 முதல் 12 வயது வரையிலான 61 சிறுமிகளை, அறியாதவர்கள் முன்னால் பேசவும் கணக்குப்போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலரை அம்மா வந்து கட்டியணைத்தார். சிலரிடம் அம்மா தொலைபேசியில் மட்டும் பேசினார். 2010-ல் வந்த முடிவு: குரலை மட்டும் கேட்டவர்களுக்கும் பதற்ற ஹார்மோனான கார்டிசால் இறங்கியது, பிணைப்பு ஹார்மோனான ஆக்சிடோசின் ஏறியது, கட்டியணைக்கப்பட்டவர்களுக்கு ஏறியதைப் போலவே. பின்னால் எழுத்துச் செய்தியை வைத்துச் செய்த சோதனையில் அது நடக்கவில்லை. ஆகவே முகம் பார்க்கும் அழைப்பைப் பள்ளிவிட்டு வந்த மாலை நேரத்துக்கோ விடுமுறைக்கோ வைத்துக்கொள்ளலாம். இரவில் எட்டரை மணிக்கு, குவைத்தில் ஆறு மணிக்கு, வேலை முடிந்து வாகனத்தில் வரும்போதே குரல் அழைப்பு. இங்கே விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்துத் தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். அப்பா இருட்டில் கதை சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். எனக்குத் தெரிந்த சில வீடுகளில் இதைச் சொல்லிப் பார்த்தேன். "பேசிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிட்டாங்கண்ணே" என்று ஓர் இளந்தாய் சொன்னபோது, அந்தத் தகப்பன் அங்கே எப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தேன். மூச்சு சீராவதை அவர் காதால் கேட்டிருப்பார்.

தூங்கவைக்கிறவர்கள் முதலில் தூங்கிப்போவதும் உண்டு. அதைக் கேலிசெய்யத் தேவையில்லை. சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரின் கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்த ஆய்வு 2021-ல் வெளியானது. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். வெக்கை, கொசு, சத்தம், பிள்ளை அழுகை என்று தூக்கம் துண்டு துண்டாகிவிடுகிறது. இப்படிக் களைத்த ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் படுத்து, மெதுவான மூச்சைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்தால், அந்த வீட்டில் இரண்டு பேருக்கு நல்லது நடக்கிறது. மீதிப் பாத்திரங்களைக் காலையில் கழுவிக்கொள்ளலாம், அல்லது தூங்காத இன்னொருவர் எழுந்து கழுவலாம்.

மிண்டல் குழுவினர் 2015-ல் 14 நாடுகளின் 10,085 தாய்மாரிடம் கேட்டதில் தெரிந்தது இன்னொன்று. குளியல், கதை, பாட்டு என்று படுக்கைக்கு முந்தைய வரிசை எத்தனை இரவு ஒரே மாதிரி நடக்கிறதோ, அந்த அளவுக்குக் குழந்தை சீக்கிரம் தூங்குகிறது, இடையில் விழிப்பதும் குறைகிறது. வாரத்தில் இரண்டு நாள் நடந்தால் இரண்டு நாளுக்குரிய பலன், ஐந்து நாள் நடந்தால் இன்னும் கூடுதல். ஆகவே திருவிழா வாரத்தில் எல்லாம் கலைந்துபோனது என்று கவலைப்பட வேண்டியதில்லை. கொடி இறங்கிய மறுநாள் பழைய வரிசைக்குத் திரும்பிவிட்டால் சரி.

இந்த வாய்ப்பு எத்தனை வருடத்துக்கு என்பதையும் உடம்பே முடிவுசெய்கிறது. பருவ மாற்றம் தொடங்கியதும் பிள்ளைகளின் கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போகிறது என்பதை 1993-ல் ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் கண்டார். ஒரே வகுப்பில் படித்தாலும், உடல் முதிர்ச்சி கூடியவர்கள் பிந்தித் தூங்கவே விரும்பினார்கள். அது அடங்காமையல்ல, மெலடோனின் ஏறும் நேரமே மாறிவிடுகிறது. பெரியவளுக்கு இப்போது பத்து. தம்பிக்கு நரிக் கதை சொல்லும்போது அவள் வேறு பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், நான் ஒரு வரியை விட்டுவிட்டால் அங்கிருந்தே எடுத்துக்கொடுப்பாள். இன்னும் இரண்டு வருடத்தில் அவளுடைய இரவு என் இரவுக்குப் பிறகுதான் தொடங்கும். அதனால்தான் ஏழு முதல் ஒன்பது வரை டியூஷன் அனுப்பலாம் என்ற பேச்சு வந்தபோது, நானும் என் மனைவியும் இந்த வருடம் வேண்டாம் என்று முடிவுசெய்தோம். படிப்பைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். எட்டரை மணிக்கு எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்துத்தான் பாய் விரிக்கிறோம்.